பெட்டியில் கோளாறு இல்லை

எங்கள் தெருவில் மடிப்பு என்றால் ஒரே ஒருவர்தான். அந்தச் சலவைக்கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கும் மின்சார இலாகாவுக்கும் மட்டுமே தெரியும். அவர் தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம் என்று யாரோ கிண்டலாகச் சொல்லப்போக, மடிப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியில் முறைத்தாலும் உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான். மனைவிக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். துணிக்குக் கஞ்சி போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். அதனால் கஞ்சியக்கா.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். நீளமான ஒரு மேசை, அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி, கம்பளியின் மேல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. கூரைக் கொக்கியிலிருந்து இஸ்திரிப்பெட்டியின் ஒயர் தொங்கும். மின்விசிறி, தெருவின் பேச்சு, போகிற வருகிறவர்களின் வணக்கம் எல்லாம் அந்த மேசைக்குத்தான். பின்னறைக்குத் தொட்டியும் வாளியும் சோப்பு நுரையும் சாக்கடை வாசனையும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கஞ்சியக்காவின் இடம் பின்னறை. ஊறவைப்பது, பிரஷ் போடுவது, அலசுவது, பிழிவது, மாடிக்குச் சுமந்து போய்க் காயப்போடுவது எல்லாம் அவள் வேலை. பெட்டியை மட்டும் அவள் தொடக் கூடாது. ஒரு தடவை அவர் வெளியே போயிருந்த நேரத்தில் ஆசைப்பட்டு ஒரு சட்டையைத் தேய்த்து வைத்தாள். அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதன் மேல் தண்ணீர் தெளித்து, முதலிலிருந்து தேய்த்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன் என்பாள்.

மனிதர் கெட்டவர் இல்லை. பேச்சு குறைவு, அவ்வளவுதான். வெளியே கிளம்பினால் முன்னால் விறுவிறுவென்று போய்விடுவார். பின்னால் அவள் வருகிறாளா, வேறு ஊருக்குப் போய்விட்டாளா என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் பெட்டியில் கரண்ட் அடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மழைக்காலத்தில் சலவைக்கடைக்கு ஏற்கெனவே பாதி உயிர்தான் இருக்கும். துணி காயாது, ஈரத்தைப் பெட்டியால்தான் விரட்ட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து நின்று காலரை அழுத்தும்போது, பிடரியில் சுரீரென்று ஒன்று புறப்பட்டு முதுகு வழியாகக் கால் வரை ஓடியது என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியைப் பிரித்துப் போட்டு, பூட்டி, டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.

"மாமா, பெட்டியில ஒரு கோளாறும் இல்ல."

"உன் டெஸ்டர்ல கோளாறு."

"இதோ, கையாலயே தொட்டுட்டேன். உயிரோடதானே நிக்கிறேன்?"

"எனக்கு அடிக்குதுடா. காலர் போடறப்ப சும்மா தூக்கிப் போடுது."

"அப்ப பெட்டிக்கு உங்க மேலதான் ஏதோ கோபம். சமாதானம் பேசிப் பாருங்க."

தெருவே சிரித்தது. நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். அவர் ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், காலடியில் பலகை போட்டார், ரப்பர் செருப்பு வாங்கினார். கடைசியில் புதுப் பெட்டியே வாங்கினார். அத்தனை நாளும் மனைவியை மேசைப் பக்கம் வரவே விடவில்லை. டீ கொண்டுவந்தால், "அங்கயே வை, கிட்ட வராத, அடிச்சிடப் போகுது" என்று கத்துவார்.

மழை விட்டது. ஒருநாள் காலை பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தா, கையைத் துடைச்சிட்டு வா. இனிமே காலரும் கையும் நீ போடு."

கஞ்சியக்காவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"நானா?"

"நீதான். பெட்டியை நல்லாப் பார்த்தாச்சு. கரண்ட் இல்ல. பயப்படாத."

முதல் சட்டை, காலரின் முனை லேசாக வளைந்துவிட்டது. அவர் தண்ணீர் தெளிக்கவில்லை, மறுபடி தேய்க்கவில்லை. பக்கத்தில் நின்று, "முனையிலேருந்து நடுவுக்கு வா. நடுவுலேருந்து முனைக்குப் போனா சுருக்கம் ஓடிப் போய் நுனியில உக்காந்துக்கும்" என்று சொல்லிக்கொடுத்தார். நாலாவது நாள், "எனக்கு வர்றதைவிட உனக்கு நல்லா வருது" என்றார். அன்று அவள் மகளுக்குப் போன் போட்டு இதைச் சொல்லியிருக்கிறாள். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருப்பவள். அப்பாவா சொன்னார், நம்ம அப்பாவா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. மனிதர் மனைவியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். முன்னால் ஓடியவர் பக்கத்தில் வந்தார், பக்கத்தில் வந்தவர் தோளில் கை போட்டார். பட்டப்பகலில், நடுத்தெருவில். எதிர்க்கடைத் தையற்காரி விடுவாளா?

"என்னக்கா, மாமா புது மாப்பிள்ளை ஆயிட்டாரு போல?"

"சீ, வாயை மூடிட்டுத் துணியைத் தை."

"தோள்ல கை என்ன, மெதுநடை என்ன! எங்க வீட்டுல இருக்கறதுக்கும் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லேன்."

கஞ்சியக்காவின் முகம் சிவந்துவிடும். அந்த வருஷம் அவள் ஆளே மாறிப்போனாள். முணுமுணுவென்று பாடிக்கொண்டே தேய்த்தாள். வாடிக்கையாளர்களிடம் வாயாடினாள். காலையில் அவருடைய சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுவாள். "நீயே போட்டு விடேன்" என்று அவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். இத்தனை வருஷம் கழித்து என்ன கொஞ்சல் என்று பொய்யாகச் சலித்துக்கொண்டே போடுவாள்.

அவர் கையிலிருந்து தம்ளர் நழுவி உடைந்தது. படியில் அவர் கால் தட்டியது. இருட்டுச் சந்தில் அவள் தோளை அவர் கெட்டியாகப் பிடித்தார். எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தது, பார்க்கத்தான் மனம் வரவில்லை. அவளை மட்டும் என்ன சொல்ல? காலம் போன காலத்தில் கிடைத்த ஒன்றை யார்தான் வெளிச்சத்தில் பிடித்துச் சோதித்துப் பார்ப்பார்கள்?

அடுத்த கோடையில் மகள் வந்தாள். வந்த அன்றே சமையலறையில் அம்மாவைப் பிடித்தாள்.

"அப்பா ஏம்மா காலை அகட்டி அகட்டி நடக்கறாரு?"

"வயசாகுதுல்ல."

"ரொட்டியைப் பிய்க்கத் தெரியலம்மா அவருக்கு. ரெண்டு கையாலயும் அமுக்கறாரு. நீ பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். நான்தான் பிச்சுக் குடுப்பேன். இப்பல்லாம் எல்லாத்துக்கும் நான்தான் வேணும் அவருக்கு."

அம்மா சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. மகள் அதைக் கேட்டுப் பயந்துபோனாள். முன்னறைக்குப் போய், "அப்பா, எதையும் பிடிக்காம இங்க வாங்க பாப்போம்" என்றாள். அவர் மேசையை விட்டார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவதுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கழுத்தெலும்பும் முதுகெலும்பும் பார்க்கிற டாக்டரம்மா குள்ளமானவர், விரைவாகப் பேசுகிறவர். கையை வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னார். மடிப்பின் விரல்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து மெதுவாக விரிந்தன. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளியது. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார், முடியவில்லை.

"கழுத்தைக் குனிஞ்சா முதுகுல கரண்ட் மாதிரி ஓடுதா, ஐயா?"

மடிப்பு நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கரண்டை நம்பிய முதல் ஆள் இவர்தான்.

"ஓடும்."

"எப்பலருந்து இதெல்லாம்? எவ்வளவு நாளாச்சுங்கறது முக்கியம். சரியாச் சொல்லணும்."

"இப்பதான். இந்த வெயில் ஆரம்பிச்சதுலருந்து."

டாக்டரம்மா எழுதப் போனார். கஞ்சியக்கா மடியில் கிடந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால் அந்த மாதங்கள் எல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. காலர் போகும், தோள் போகும், பொத்தானும் போகும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது அவள் புருஷன்.

"இல்லம்மா," என்றாள். "போன மழைக்காலத்துலருந்து. அப்பதான் கரண்ட் அடிக்குதுன்னாரு. மழை விட்டதும் பெட்டியை என் கையில குடுத்துட்டாரு. அப்பவே தோளைப் பிடிச்சுதான் நடப்பாரு. பொத்தான் நான்தான் போட்டு விடறேன்."

மடிப்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியில கோளாறு இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது, ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒருநாள் மூட்டை எடுக்கக் குனிஞ்சேன். பெட்டி அலமாரில இருந்துது. ஒயர்கூட மாட்டல. அப்பவும் அடிச்சுது."

"அதுக்கப்புறம்தான் பெட்டியை அவங்ககிட்ட குடுத்தீங்களா?"

"கரண்ட் இருக்கற பெட்டியை அவகிட்ட குடுப்பேனா, டாக்டர்?"

ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, மகள் மருந்து வாங்கப் போனதும், கஞ்சியக்கா கடைக் கதவைப் பாதி சாத்தினாள்.

"எல்லாம் தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க."

அவர் மேசையைப் பிடித்து நின்றார்.

"பெட்டியை எதுக்குக் குடுத்தீங்க?"

"பிடி நிக்கல. விரல்ல சூடே தெரியல. ரெண்டு தடவ சுட்டுக்கிட்டேன்."

"என்னைவிட உனக்கு நல்லா வருதுன்னீங்களே?"

"வந்துதே. அது பொய்யில்ல."

"தோள்ல கை போட்டது?"

மனைவியிடம் பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் அன்று பிழைத்திருப்பார்.

"விழுந்துடுவேன்னுதான்."

"அப்ப என் தோளு உங்களுக்குக் கைத்தடி. அவ்வளவுதானே? தெருவே பாத்துச் சிரிச்சுது. நான் பைத்தியக்காரி மாதிரி பூரிச்சுப் போய் நடந்தேன். ஒரு கைத்தடியைப் பிடிச்சுட்டுப் போறாருன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!"

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது மடிப்பின் கை மேசையிலிருந்து நழுவியது. அவளே பிடித்து உட்கார வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஊறவைக்க ஒன்றுமே இல்லாத வாளியில் தண்ணீர் நிரம்பி வழிகிற வரை நின்றாள். கோபத்தில் பேசியதை மறுநாள் அள்ளிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். அன்றிலிருந்து அவர் சுவரைப் பிடித்து நடந்தார், கதவைப் பிடித்து நடந்தார், மகள் கையைப் பிடித்து நடந்தார். மனைவியைத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு அல்ல. அவள் நீட்டினால், "பரவாயில்ல, நானே வரேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

ஸ்கேன் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு.

"இந்தக் கயிறுதான் தண்டுவடம். வெள்ளையா இருக்கறது அதைச் சுத்தியிருக்கற நீர். கழுத்துல பாருங்க, நீரையே காணோம். வயசுல எலும்பு தேஞ்சு முள்ளு விட்டு, நடுவுல இருக்கற தட்டு பிதுங்கி, வழி குறுகிப் போச்சு. காலரை ரொம்ப இறுக்கிப் பொத்தான் போட்ட மாதிரி. உள்ள ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுதா? அது நசுங்கினதுல வந்த காயம்."

"ஆபரேஷன் பண்ணா விரல் வந்துடுமா?" மகள் கேட்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன். பின்பக்கமா எலும்பைத் திறந்து இடம் பண்ணுவோம். இதுக்கு மேல கெட்டுப் போகாம நிறுத்தறதுக்குத்தான் முதல்ல ஆபரேஷன். கால் தேறலாம். விரல் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம்."

"பண்ணலன்னா?"

"இன்னும் மோசமாகும். ஒருநாள் சும்மா வழுக்கி விழுந்தாக்கூடப் போதும், கை கால் ரெண்டுமே போயிடலாம். ஆபரேஷன்லயும் ஆபத்து உண்டு. தோள் பலவீனமாகலாம், காய்ச்சல் வரலாம், ரொம்ப அபூர்வமா, இப்ப இருக்கற பலமும் போயிடலாம். ஆனா நான் உங்க இடத்துல இருந்தா பண்ணிக்குவேன்." பிறகு பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "முன்னாடியே வந்திருந்தா இந்தக் கையை நல்லாக் காப்பாத்தியிருக்கலாம், ஐயா. பெட்டியால இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே ஏன் வரல?"

மடிப்பு இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"இவ சந்தோஷமா இருந்தாளே, டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை.

"அதனால?"

"அதனாலதான்."

கஞ்சியக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். வராந்தாவில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் மிதிக்காமல் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். உலகத்தில் எவருக்காவது ஒரு நல்ல வார்த்தை இவ்வளவு தாமதமாகவும் இவ்வளவு விலையிலும் வந்திருக்குமா? அவள் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்று அவர் மறைத்தார். தன் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்று அவள் பார்க்காமல் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடிக் கையைத் தொலைத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை பிடரி முடியை மழித்து அவரைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். அன்று சொன்ன கைத்தடி என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள். கட்டில் அருகே போய்க் குனிந்தாள். நர்ஸ் நின்றாள், மகள் நின்றாள், பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான் நின்றார்.

"பல்செட்டைக் கழட்டியாச்சா?" என்றாள்.

"கழட்டியாச்சு" என்றார் அவர், பொக்கை வாயோடு. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, தண்டுவடத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்றார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். சாயங்காலம் உள்ளே விட்டபோது அவர் கழுத்துப் பட்டையோடு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தார். பிடரி வலியில் பல்லைக் கடிக்கலாம் என்றால் பல் இல்லை என்று முனகினார். பயம் போய்விட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

சில நாளில் நடக்கப் பழக்கும் பெண் வந்தாள். கெட்டிக்காரப் பெண். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்தாள், திருப்பினாள், உட்கார வைத்து எழுப்பினாள். பிறகு கஞ்சியக்காவை அருகில் அழைத்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் முன்னாடி நில்லுங்க. ஐயா, வீட்டுல முதல்ல கொஞ்ச நாள் இவங்க தோளைப் பிடிச்சுட்டு நடங்க."

கஞ்சியக்கா சட்டென்று முன்னால் வந்து நின்றாள். தோளைக்கூட லேசாகத் தாழ்த்தினாள்.

"வேணாம்மா," என்றார் மடிப்பு அந்தப் பெண்ணிடம். "அவ தோளு கைத்தடி இல்ல. கம்பியே போதும். எத்தனை நாளானாலும் நானே பழகிக்கறேன்."

அதில் குத்தல் துளியும் இல்லை. மனைவிக்குச் செய்த ஒரு தவறைத் திருத்துகிற மனிதரின் குரல் அது. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பாள். "நான் சும்மா கோபத்துல..." என்று ஆரம்பித்தாள். "நீ சொன்னது சரிதான், விடு" என்று அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். கழுத்துப் பட்டையோடு முன்னறையில் சுவரோரமாக நடந்தார், பட்டையைக் கழற்றிய பிறகு வாசலில் நடந்தார், பிறகு தெருவில். விரல் தேறவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார், பஞ்சுப் பந்தை நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்பார். பெட்டியைப் பிடிக்கிற கை மட்டும் திரும்பவே இல்லை. பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டுத் தலைவழியாகப் போடுகிற பனியனுக்கு மாறிவிட்டார். அதுவும் அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்றுதான். கால் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நன்றாகத் தேறிவந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கஞ்சியக்காவிடம், உன் அதிர்ஷ்டம் என்றார்கள்.

மேசை இப்போது முழுக்க அவளுடையது. பின்னறைக்குச் சம்பளத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். கஞ்சியக்காவின் காலரைப் பற்றித் தெருவே பேசுகிறது. எதிர்க்கடைத் தையற்காரி மட்டும் அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் முற்பகல் அவர் வெளியே போய்விட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகம் பளபளவென்று இருந்தது. வாசற்படியைப் பிடிக்காமல் ஏறினார்.

"மார்க்கெட் முனை வரைக்கும் போயிட்டு வந்தேன். நானாவே."

"அவ்வளவு தூரமா?"

"கூட்டத்துக்குள்ளயே போனேன். யாரையும் பிடிக்கல. சுவரைக்கூடப் பிடிக்கல. உன் தோளுக்கு இனிமே விடுதலை."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷமாகவும்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்து இன்னொரு ஆசை எழும்பி வந்தது. அதை நினைத்ததற்காகவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் நினைத்தாள். கேட்டும்விட்டாள்.

"ஒரு தடவைகூடவா தடுமாறல?"

அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

"இல்லவே இல்ல," என்றார், அவ்வளவு பெருமையாக. "ஒரு தடவைகூட இல்ல."